பழைய ஷாட்கன் குழல்: சுத்தம் செய்வது முதல் சுவரை அளப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஷாட்கன் (ரவை என்னும் சிறு குண்டுகளைச் சுடும் துப்பாக்கி) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்யும் காரியம், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. பளபளத்தால் 'நல்ல குழல்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த முடிவு ஆபத்தானது. நூறு வருடம் சுட்டுப் பழகிய ஒரு குழல் இன்று புதிதுபோல மின்னினால், அதன் துருக்குழிகளை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தேய்த்தவர் துருவோடு சேர்த்துக் குழலின் சுவரையும் எடுத்திருப்பார். கருப்பேறி, கோடு கோடாக அழுக்குப் படிந்த இன்னொரு குழலுக்குள் தேவையான தடிமனோடு நல்ல சுவர் அப்படியே இருக்கலாம்.

அதனால் சுத்தம், பார்வை, அளவு என்ற வரிசையை மாற்றாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியத்தான் சுத்தம் செய்கிறோம். பார்த்ததை அளந்து உறுதி செய்கிறோம். மூன்றும் முடியும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா போட வேண்டாம்.

காலிதானா?

குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கி என்றால் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். அதோடு நிறுத்தாமல், பின்வாயிலிருந்து (தோட்டா போடும் முனை) முன்வாய் (ரவை வெளியேறும் முனை) வரை வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அறை காலியாக இருந்தாலும் குழலுக்குள் ஏதாவது அடைத்திருக்கலாம். 20 போர் தோட்டா ஒன்று 12 போர் அறைக்குள் (போர் என்பது குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) தவறிப் போனால், அது அறையைத் தாண்டி நழுவிக் குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். அவசரமாகப் பார்ப்பவருக்கு அறை காலியாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இந்த விபத்தைத் தவிர்க்கத்தான் வந்தது. பழைய தக்கை, பூச்சிக்கூடு, யாரோ செருகி மறந்த எண்ணெய்த் துணி என்று வேறு அடைப்புகளும் இருக்கலாம்.

பம்ப், தானியங்கி வகைகளில் அறையோடு, தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் மேகஸின் குழாயையும் காலி செய்ய வேண்டும்.

முன்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இன்னும் கவனம் தேவை. சுவரில் அலங்காரமாகத் தொங்கிய இந்த வகைத் துப்பாக்கிகளில் மருந்தும் ரவையும் கெட்டித்தபடியே கிடப்பது அபூர்வம் அல்ல. கருமருந்து நனையாமல் இருந்தால் நூறு ஆண்டு கழிந்தும் பற்றும். சோதிப்பது சுலபம்: ஒரு மரக்கம்பியை முன்வாய் வழியாக அடி தட்டும்வரை விட்டு, வாய் மட்டத்தில் குறி வையுங்கள். கம்பியை வெளியே எடுத்து, குறி முன்வாயோடு பொருந்தும்படி குழலின் மேலேயே வைத்துப் பாருங்கள். கம்பியின் நுனி, கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் முலைக்காம்பு இருக்கும் இடம்வரை வந்தால் காலி. இரண்டு மூன்று விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது, அதை மருந்து என்றே கருதுங்கள். சூடுபடுத்தாதீர்கள், குத்திக் கிளறாதீர்கள், சுட்டுக் காலி செய்ய நினைக்காதீர்கள். இந்தத் தொழில் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். வாய் எப்போதும் ஆள் இல்லாத பக்கம் பார்த்தபடி இருக்கட்டும்.

கையில் வேண்டியவை

சாமான் அதிகம் வேண்டாம், ஆனால் இருப்பது சரியானதாக இருக்க வேண்டும். குழலைவிட நீளமான கம்பி ஒன்று வேண்டும், மரம் அல்லது பித்தளை நல்லது. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் மட்டமான அலுமினியக் கம்பி எனக்குப் பிடிக்காது. மூட்டு விளிம்புகள் உள்சுவரில் உரசும், மென்மையான உலோகத்தில் மணல் பதிந்துகொண்டு உரசும்போது கீறும். போர் அளவுக்குப் பொருந்தும் பாஸ்பர் வெண்கல பிரஷ், அறைக்கென்று சற்றுப் பெரிய பிரஷ், துணி கோக்கும் முனை, எண்ணெய் பூசக் கம்பளிக் குஞ்சம், கை நிறையப் பழைய பருத்தித் துணித் துண்டுகள். துப்பாக்கிக் கரைப்பான் ஒரு புட்டி, ஊடுருவும் எண்ணெய், மெல்லிய துரு தடுப்பு எண்ணெய். நைட்ரைல் கையுறை கட்டாயம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

துருப்பிடிக்காத எஃகில் செய்த சுருள் பிரஷ்களைக் கடைகளில் பார்க்கலாம். ஈயத்தை வேகமாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய குழலில், அதிலும் டமாஸ்கஸ் குழலில் (இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றிச் செய்தது), நான் அதை எடுக்க மாட்டேன். வெண்கலம் இரும்பைவிட மென்மையானது. தேய்வது பிரஷ்ஷாக இருக்கட்டும், குழலாக இருக்க வேண்டாம்.

பிரித்து வைத்து, தட்டிக் கேட்பது

முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுங்கள். கட்டையும் இயந்திரப் பகுதியும் அந்தப் பக்கம் போகட்டும். கரைப்பான் பட்டால் கட்டையின் மெருகு போய்விடும், எண்ணெய் ஊறினால் மரம் இற்றுப்போகும்.

இரட்டைக்குழல் என்றால், ஒரு சொட்டுத் திரவம் படுவதற்கு முன் ஒரு சோதனை. தோட்டா தள்ளும் பகுதியையும் கழற்றிவிட்டு, குழலின் அடியில் உள்ள கொக்கியில் நூல் கட்டியோ விரலை விட்டோ தொங்கவிடுங்கள். விரல் மூட்டால் லேசாகத் தட்டுங்கள். நன்றாக இருக்கும் குழல் கணீரென்று ஒலித்து, ஒலி மெல்ல அடங்கும். 'டப்' என்று செத்த ஒலி வந்தாலோ, ஜிர்ரென்று அதிர்ந்தாலோ, இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட குழலைத் தண்ணீரில் முக்கக் கூடாது. பட்டைக்கு அடியில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வருடக்கணக்கில் துருவை வளர்க்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது, ஆனால் முதலில் சுத்தத்தில் இறங்கிவிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அழுக்கு ஒன்றல்ல

எல்லா அழுக்கையும் ஒரே புட்டியால் எடுக்க முயல்வதில்தான் பாதி உழைப்பு வீணாகிறது. பழைய குழலுக்குள் நாலைந்து வகைப் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் வேறு விதமாக வெளியே வரும்.

முதல் வகை உப்பு. கருமருந்து எரிந்தபின் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் போன்ற உப்புகள் மிஞ்சும். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படியும். நாம் சமையலுக்குப் போடும் உப்பின் நெருங்கிய உறவு அது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த உப்புகள் எண்ணெயில் கரையாது. பெட்ரோலியக் கரைப்பானிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். 'தினமும் எண்ணெய் போட்டேன், ஆனாலும் துரு வருகிறது' என்று சொல்பவர்களின் குழலில் எண்ணெய்க்கு அடியில் உப்பு அப்படியே இருக்கும்.

இரண்டாவது புகையில்லா மருந்தின் கரி. கருப்பாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும். இதற்குத் துப்பாக்கிக் கரைப்பான் போதும்.

மூன்றாவது ஈயம். 1960களில் ரவையை மூடும் பிளாஸ்டிக் கோப்பை பரவலாக வருவதற்கு முன், ஈய ரவை குழல் சுவரை நேரடியாக உரசிக்கொண்டே போனது. அதனால் அறைக்கு முன்னால் உள்ள கூம்புப் பகுதியிலும், முன்வாய்க்குச் சற்று முன் குழல் குறுகும் சோக் பகுதியிலும் ஈயம் சாம்பல் நிறக் கோடுகளாகப் படியும். கரைப்பான் ஈயத்தைக் கரைக்காது, அதன் பிடியைத் தளர்த்தும். பிரஷ்தான் அதைப் பெயர்க்க வேண்டும்.

நான்காவது பிளாஸ்டிக். பழைய துப்பாக்கியில் பிற்காலத்தில் புதிய தோட்டா சுட்டிருந்தால் நீளவாக்கில் மெல்லிய பூச்சாகத் தெரியும், பிரஷ் போட்டால் நூல் நூலாக வரும்.

கடைசியாகத் துரு. மேலே படர்ந்த செந்துரு எண்ணெய்க்கும் பிரஷ்ஷுக்கும் வந்துவிடும். உள்ளே இறங்கிவிட்ட துரு குழியாக நிற்கும். அதைச் சுத்தம் செய்யலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

சுத்தம்: வரிசையாக

கையுறையை மாட்டுங்கள். குழலிலிருந்து வருவதில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த ஈயத் தூள் மூச்சில் போகக் கூடாது, கையோடு வாய்க்கும் போகக் கூடாது. காற்றோட்டமான இடம், கீழே பழைய செய்தித்தாள், பக்கத்தில் குழந்தைகள் இல்லை, சாப்பாடு இல்லை. குழலுக்குள் வாயால் ஊதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில் உலர்ந்த துணி ஒன்றைப் பின்வாயிலிருந்து தள்ளி முன்வாய் வழியாக வெளியே எடுங்கள். இந்த முதல் துணியைத் தூக்கி எறிய வேண்டாம், பிரித்துப் பாருங்கள். செம்பழுப்பு என்றால் துரு, கருப்பு என்றால் கரி, சாம்பல் மினுமினுப்பு என்றால் ஈயம். துணி எங்கோ மாட்டி இழுத்தால் அந்த இடத்தை நினைவில் வையுங்கள், பிறகு அங்கே பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீர். இரும்புக் குழலுக்குள் தண்ணீரா என்று தயங்குகிறவர்கள் உண்டு. என்ன மருந்து சுட்டார்கள் என்று தெரியாத பழைய குழலுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. நடுப்பட்டை திடமாக இருந்தால், கொஞ்சம் சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்து நாலைந்து முறை ஓட்டுங்கள். பிறகு சோப்பு இல்லாத வெந்நீரில் அதேபோல. பட்டையில் சந்தேகம் இருந்தால் பிழிந்த ஈரத்துணி மட்டும், அதுவும் உள்ளே மட்டும். முன்வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியின் குழலைக் கட்டையிலிருந்து எடுக்க முடிந்தால், முலைக்காம்பைத் திருகி எடுத்து, பின்முனையை வெந்நீர் வாளியில் நிறுத்தி, இறுக்கமான துணியோடு கம்பியை மேலும் கீழும் இழுங்கள். பம்ப் மாதிரி தண்ணீர் ஏறி இறங்கி, அடியில் உள்ள கருப்பெல்லாம் வந்துவிடும். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

வெந்நீர் பட்ட வெற்று இரும்பில் சில நிமிடங்களிலேயே செம்மை படரத் தொடங்கும். அதனால் உலர்ந்த துணி, இன்னொரு உலர்ந்த துணி, ஈரம் போகும்வரை இன்னொன்று, உடனே ஒரு எண்ணெய்த் துணி. இடையில் போன் அடித்தால் எடுக்க வேண்டாம்.

அப்புறம் கரைப்பான். நனைத்த துணியை இரண்டு முறை ஓட்டிவிட்டு, கால் மணி நேரம் ஊற விடுங்கள். வெண்கல பிரஷ்ஷைப் பின்வாயிலிருந்து நுழைத்து, முன்வாய்க்கு வெளியே முழுதாக வந்தபிறகே திருப்பி இழுங்கள். குழலுக்கு நடுவில் திசை மாற்றினால் முள் மடிந்து பிரஷ் சீக்கிரம் போய்விடும். பத்துப் பதினைந்து முறை போதும், துணி போட்டுத் துடையுங்கள், பாருங்கள், தேவையென்றால் மறுபடியும். பிரஷ்ஷைக் கரைப்பான் புட்டிக்குள் முக்கக் கூடாது, மிச்சக் கரைப்பான் முழுவதும் அழுக்காகிவிடும். பிரஷ் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள்.

ஈயக் கோடு பிடிவாதமாக நின்றால், தேய்ந்த பழைய பிரஷ் ஒன்றில் செம்பு நாரை இறுக்கமாகச் சுற்றிக் கரைப்பானோடு ஓட்டுங்கள். ஈயம் சிறு சிறு செதில்களாக உரியும். பழைய காலத்தில் சிலர் பாதரசத்தைக் குழலுக்குள் ஊற்றி ஈயத்தை எடுத்தார்கள். அந்த ஆவி மூளையையும் நரம்பையும் கெடுக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றும் யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈயத்தை அது கரைக்கும்தான். ஆனால் மிஞ்சுவது தோல்வழியாகவும் உடலுக்குள் போகக்கூடிய ஈய அசிடேட், கூடவே இரும்பின் வெளிப்பூச்சும் போய்விடும்.

துரு என்றால் பொறுமைதான் மருந்து. ஊடுருவும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, இரண்டு வாயையும் துணியால் அடைத்து, ஒரு இரவு படுக்க வையுங்கள். மறுநாள் வெண்கல பிரஷ். போதவில்லை என்றால் 0000 என்ற மிக மெல்லிய எஃகு நாரைப் பிரஷ்ஷில் சுற்றி, எண்ணெயோடு, கையால் மட்டும். டிரில் மெஷினில் கம்பியைப் பூட்டிச் சுழற்றுவது வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம், அமிலத் துருநீக்கி வேண்டாம். துணியில் செம்மை வருவது நின்றால் நிறுத்திவிடுங்கள். குழிகள் அப்படியே தெரியட்டும். அவற்றை மறைத்தால் அடுத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

அறையும் கூம்பும்

தோட்டா உட்காரும் அறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காகிதத் தோட்டாக்களின் மெழுகும், பிளாஸ்டிக்கும், எண்ணெயும் சேர்ந்து இறுகி, தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். குழலுக்குப் போடும் பிரஷ் இங்கே தளர்வாக இருக்கும், பெரிய பிரஷ் வேண்டும். இங்கே பிரஷ்ஷைச் சுழற்றலாம். அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தில் விட்டம் சரிவாகக் குறையும். அந்தக் கூம்பில்தான் சூடும் அழுத்தமும் அதிகம், ஈயமும் துருவும் அங்கேதான் முதலில் சேரும். முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று தோன்றியபின் இந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை செய்யுங்கள்.

பார்வை

இனிதான் முக்கியமான வேலை. கரைப்பான், எண்ணெய் எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திவிட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் சிறு குழிகளை நிரப்பி மறைத்துவிடும்.

டார்ச்சை ஒரு வாயில் வைத்து மறு வாயில் கண்ணை வைப்பதுதான் வழக்கம். அதில் கண் கூச்சம்தான் மிஞ்சும், பிரகாசம் எல்லாக் குறையையும் அடித்துப் போட்டுவிடும். வெளிர் நிறச் சுவரையோ, வெயில் நேரடியாக விழாத ஜன்னலையோ நோக்கிக் குழலைப் பிடியுங்கள். கண்ணை வாயோடு ஒட்டாமல் ஒரு சாண் பின்னால் வையுங்கள். உள்ளே வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வட்டங்களாகத் தெரியும், குளத்தில் கல் போட்டதும் பரவும் அலைகள் போல. குழலை மெதுவாகச் சுழற்றுங்கள். வட்டங்கள் எல்லாம் ஒரே மையத்தில், ஒழுங்காக இருந்தால் நல்லது. ஒரு வட்டம் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் பிறை போலத் தெரிந்தால் அங்கே ஒடுக்கு. முழு வட்டமும் இருண்ட மோதிரமாகத் தெரிந்தால் அங்கே புடைப்பு. வட்டங்களின் மையமே படிப்படியாக ஒதுங்கினால் குழல் வளைந்திருக்கிறது.

இன்னொரு நுட்பம்: ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பு குழலுக்குள் ஒரு கோடாக விழும்படி பிடித்து, அந்த நிழல் கோடு சுவர் நெடுக நகரும்படி குழலை மெல்லச் சாயுங்கள். வழவழப்பான சுவரில் கோடு நேராக ஓடும். குறை இருக்கும் இடத்தில் கோடு துள்ளும். பழக ஒரு மணி நேரம் ஆகும். நல்ல குழல் ஒன்று கிடைத்தால் முதலில் அதில் பழகிக்கொள்ளுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் கெட்டது தெரியும். பின்வாயிலிருந்தும் முன்வாயிலிருந்தும் இரண்டு முறையும் பார்க்க வேண்டும். சோக்குக்கு முன்னால் உள்ள பகுதி பின்வாயிலிருந்து பார்த்தால் சரியாகப் பிடிபடாது.

உள்ளே சந்தேகப்பட்ட இடத்தை வெளியேயும் தொட்டுப் பாருங்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் குழலின் இருபுறமும் வைத்து மெதுவாக இழுத்தால், கண்ணுக்குத் தப்பிய புடைப்பு விரலுக்குத் தட்டுப்படும்.

ஒடுக்கு சின்னது என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ரவை அந்த மேட்டில் மோதி உள்பக்கத்தைத் தேய்க்கும். பிறகு ஒடுக்கை எடுத்தால் அந்த இடம் மெலிந்திருக்கும். துப்பாக்கி மெக்கானிக்குகள் குழலுக்குள் விரியும் ஹைட்ராலிக் கட்டையை விட்டு ஒடுக்கைச் சரியாக மேலே எழுப்புவார்கள், வீட்டில் செய்யும் வேலை இல்லை. மோதிரப் புடைப்பு என்றால், என்றோ ஒருநாள் அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். அங்கே உலோகம் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது.

துருக்குழி விஷயத்தில் நிதானம் வேண்டும். போன் திரையில் காட்டும் சின்னக் கேமரா கருவிகள் இப்போது மலிவு, பயனுள்ளவையும்கூட. ஆனால் அவை பெரிதாக்கிக் காட்டுவதால் ஊசிமுனைப் புள்ளி கிணறு போலத் தெரிந்து பயமுறுத்தும். குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்குக் கேமரா நல்லது. எவ்வளவு ஆழம் என்பதை அது சொல்லாது. முன்வாய்ப் பக்கம் அங்கங்கே புள்ளி இருப்பதைவிட, பின்வாயிலிருந்து முதல் ஒரு அடிக்குள் இருக்கும் ஆழமான ஒரு குழிக்கு நான் அதிகம் பயப்படுவேன். அழுத்தம் உச்சத்தில் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

பின்வாயிலிருந்து மூன்று அங்குலம் அளவில் குழலைச் சுற்றி மெல்லிய கோடு தெரிகிறதா? விரிசல் என்று பதற வேண்டாம். பழைய பின்பகுதியை வைத்துக்கொண்டு புதிய குழாய்களைப் பொருத்தியிருக்கலாம். அப்படிச் செய்து மறுபடி சோதிக்கப்பட்ட பிரிட்டிஷ் துப்பாக்கியில் அதற்கான முத்திரையும் இருக்கும். முன்வாயில் இரண்டு குழல்களுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் குழலை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள், சோக் போயிருக்கும்.

அளவு

கண் சொன்னதை அளவுதான் உறுதி செய்யும். இரண்டு அளவுகள் வேண்டும்: உள்விட்டம், சுவர்த் தடிமன். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் பாதி விவரம்தான்.

போர் எண்ணின் கணக்கு இது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ அதுதான் 12 போர்: 0.729 அங்குலம், ஏறக்குறைய 18.5 மி.மீ. 16 போர் 0.662, 20 போர் 0.615. இதைப் பெயரளவு அளவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே இறுக்கமாகவோ தளர்வாகவோ துளைத்ததுண்டு. அதனால் உங்கள் குழலை 0.729 உடன் ஒப்பிடாமல், அதன்மேல் குத்தியிருக்கும் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் இது தெளிவாக இருக்கும். லண்டன், பர்மிங்ஹாம் நகரங்களின் புரூஃப் ஹவுஸ்கள் ஒவ்வொரு குழலையும் அதிக மருந்தில் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தின. பர்மிங்ஹாமில் இந்த அமைப்பு 1813இல் சட்டத்தால் ஏற்பட்டது, லண்டனில் அதற்கு வெகு முன்பே இருந்தது. குழலின் அடியில், இயந்திரப் பகுதியோடு சேரும் தட்டைப் பகுதியில் இந்த முத்திரைகளைப் பார்க்கலாம். 1954க்கு முந்தைய துப்பாக்கிகளில் 13 என்றால் 0.710, 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729, 12/1 என்றால் 0.740 அங்குலம். 1954 விதிகளுக்குப் பிறகு அங்குல எண்ணையே குத்தினார்கள். அளவு எடுப்பது பின்வாயிலிருந்து 9 அங்குலத்தில். 12 என்று குத்திய குழல் இன்று அங்கே 0.740 காட்டினால், அது புரூஃப் எல்லையைத் தாண்டிவிட்டது. தேய்மானமோ மெருகேற்றலோ, யாரோ அந்த உலோகத்தை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பதே குற்றம். பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரையில் முட்டை வடிவ வளையத்துக்குள் இ.எல்.ஜி. எழுத்துகள் இருக்கும்.

உள்விட்டத்துக்கு நீண்ட தண்டு உள்ள போர் கேஜ் வேண்டும். சாதாரண வெர்னியர் வாயோரத்தை மட்டும் அளக்கும், அங்கே சோக் இருப்பதால் அந்த எண்ணுக்குப் பயனில்லை. 9 அங்குலத்தில் ஒரு அளவு, பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக முன்வாய் வரை. நடுவில் எங்காவது விட்டம் சட்டென்று கூடினால், குழியை எடுக்க அந்த இடத்தை மட்டும் தேய்த்திருக்கிறார்கள்.

சுவர்த் தடிமனுக்குத் தனிக் கருவி இருக்கிறது. குழலை ஒரு நீண்ட தண்டில் மாட்டி, வெளியே டயல் வைத்துச் சுழற்றி அளப்பது. சுழற்றுவதுதான் இதில் முக்கியம். பழைய குழல்களை வெளியே கையால் அரவி மெலிதாக்கினார்கள், துளையும் நட்ட நடுவில் இருக்காது. அதனால் ஒரே இடத்தில் ஒரு பக்கம் 0.030 அங்குலமும் எதிர்ப்பக்கம் 0.018 அங்குலமும் இருக்க முடியும். கணக்கில் எடுக்க வேண்டியது மெலிந்த பக்கத்தை, சராசரியை அல்ல. 12 போருக்கு எந்த இடத்திலும் 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது தொழிலில் பரவலாகப் பின்பற்றும் எல்லை. அறையை நோக்கிப் போகப் போக இதைவிட மிக அதிகம் வேண்டும். துருக்குழி இருந்தால் அதன் ஆழத்தையும் அளந்த தடிமனிலிருந்து கழித்துப் பாருங்கள். கருவி விலை அதிகம், ஒரே ஒரு துப்பாக்கிக்காக வாங்குவது வீண். மெக்கானிக்கிடம் அளந்து எழுதி வாங்குங்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனை என்று விவரமாக இருக்க வேண்டும். 'நல்லாத்தான் இருக்கு' என்ற வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம்.

அறை நீளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய 12 போர் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், 65 மி.மீ. வகை. இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. தோட்டாவின் நீளமாகக் குறிப்பிடுவது சுட்டபின் வாய் விரிந்த நீளத்தை. அதனால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் சுகமாக உட்காரும், கதவும் மூடும். சுடும்போது வாய் விரிந்து கூம்புக்குள் நீண்டு வழியைக் குறுக்கும், அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது.

டமாஸ்கஸ் குழல்

இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, சூட்டில் அடித்து ஒட்டிச் செய்தவை இவை. வெளியே தெரியும் அந்த அழகான கோலம் அந்த ஒட்டுக்களின் தடம்தான். ஒட்டுக்கு நடுவே கசடு சிக்கியிருந்தால், உள்பக்கத்திலிருந்து துரு அந்த வழியே இறங்கும். பார்க்கும்போது குழிகள் சிதறலாக இல்லாமல் சாய்ந்த வரிசையாக, பட்டையின் திசையிலேயே ஓடினால் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அமிலம், வினிகர், எஃகு பிரஷ் எதுவும் இங்கே கூடாது.

டமாஸ்கஸ் என்றாலே வெடிக்கும் என்பதும் சரியல்ல, முன்னோர் சுட்டார்கள் நாமும் சுடலாம் என்பதும் சரியல்ல. பலவும் கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டவை, அவற்றில் புகையில்லா மருந்துத் தோட்டா போடக் கூடாது. நைட்ரோ (புகையில்லா மருந்து) சோதனை முத்திரை இருந்தாலும், அது குத்தப்பட்ட நாளின் அளவுக்குத்தான் செல்லும். இன்றைய சுவர்த் தடிமன் தெரிய வேண்டும்.

முடிவும் பராமரிப்பும்

அளவு எல்லைக்குள், வட்டங்கள் ஒழுங்கு, பட்டை திடம், முத்திரை தெளிவு என்றால், மெக்கானிக்கின் ஒப்புதலோடு, அந்த அறைக்கேற்ற மிதமான ஈயத் தோட்டாவில் பயன்படுத்தலாம். எஃகு ரவையை இறுக்கமான சோக் உள்ள பழைய குழலில் போடவே கூடாது, ஈயம் போல அது நசுங்கிக் கொடுக்காது. ஏதாவது ஒன்றில் தவறினால் சுடுவதை நிறுத்துங்கள். அதற்காகத் துப்பாக்கியை மட்டமாக நினைக்க வேண்டாம். நல்ல வேலைப்பாடு உள்ள பழைய துப்பாக்கி, சுடாமலும் பாதுகாக்கத் தகுந்த பொருள்தான்.

வைக்கும்போது கம்பளிக் குஞ்சத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு மெல்லிய படலமாகப் பூசுங்கள். வழியும் அளவுக்கு வேண்டாம். முதல் சில நாட்கள் முன்வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால், மிகுதி எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. தோல் உறையிலும் கம்பளித் துணியிலும் சுற்றி வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சுடுவதற்கு முன் குழலையும் அறையையும் உலர்த்தித் துடைக்க வேண்டும். அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டா சுவரைப் பற்றாமல் வழுக்கி, அதன் தள்ளுவிசை முழுவதும் பின்பகுதியின் பூட்டில் விழும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளைத் துணியை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் நிறம் மட்டும் வந்தால் சரி. பழுப்பு வந்தால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது. இன்னும் எண்ணெய் ஊற்றாமல், வெந்நீரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.